அரக்க நண்டுக்கு ஓடு செய்த கதை

நேற்று இரவு பதினொன்றே கால் மணிக்குப் பாறைக்கொடுக்கன் செத்தான். எங்கள் பகடை ஆட்டத்துக்கு நான் உருவாக்கிய அரக்க நண்டு. ஆறு சுற்று, எழுபத்தொரு நிமிடம். கடைசி அடி விழுந்ததும் மேஜையைச் சுற்றி இருந்த நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இந்த ஒரு நண்டுக்காக ஐந்து வாரமாக வேலை பார்க்கிறேன். இரண்டு வடிவங்கள் ஆட்டத்தில் தோற்றன. மூன்றாவதை வீட்டிலேயே கைவிட்டேன். நாலாவதும் முதல் தடவை படுத்துவிட்டது. இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது. எண்கள் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். எதைச் செய்ய முயன்றாலும் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து எங்களுக்கு வேண்டியதை மட்டும் தமிழில் எழுதி, நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறேன்.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், எனக்குப் பகல் முழுக்க வேலை இருக்கும். ஆனால் கடலுக்குப் போகிற நண்பர்கள் ராத்திரி வீட்டில் தங்குவதும் அப்போதுதான். அதனால் வருடா வருடம் தடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆட்டம் நடக்கும். போர்வீரனாக ஆடுகிறவன் படகு ஓட்டும் நண்பன். திருடியாக ஆடுவது அவன் தங்கை, உச்சிப்புளியில் தையல் கடை வைத்திருக்கிறாள். மந்திரவாதி என் அக்கா மகன், கல்லூரி இரண்டாம் வருடம். வைத்தியராக ஆடுகிறவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் சார். நாலு பாத்திரங்களும் மூன்றாம் நிலையில், அதாவது ஆட ஆட ஏறும் படிகளில் மூன்றாவதில் இருந்தன.

இந்த வருடக் கதைக்கு இடம் நான் தனுஷ்கோடியைப் பார்த்துத்தான் வரைந்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் போன ஊர். கூரையில்லாத சர்ச்சு, பவளக்கல் சுவர், மணலுக்குள் பாதி புதைந்த கட்டடங்கள். இரண்டு கடலும் சேருகிற மணல் திட்டில் ஒரு காவல் மிருகம் வேண்டும். நண்டு என்று முடிவு செய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பாதுகாப்பு எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஐந்து வாரம் போனது.

முதல் வடிவத்தில் யோசிக்கவே இல்லை. நண்டு என்றால் ஓடு, ஓடு என்றால் கெட்டி. தடுப்பெண் 18, உயிர்ப்புள்ளி 136 என்று எழுதிவிட்டேன். உயிர்ப்புள்ளி என்பது சாகும்வரை எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு. தடுப்பெண் 18 என்றால், அடிக்கிறவர் பகடையில் விழுந்ததோடு தன் திறனைக் கூட்டி 18 வந்தால்தான் அடி படும். எங்கள் போர்வீரனுக்குத் திறன் 5. அவனுக்குப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் எட்டு வாய்ப்பு, அதாவது நூற்றுக்கு நாற்பது.

அந்த ராத்திரி எட்டே முக்காலுக்குத் தொடங்கியது பதினொன்றே காலுக்குத்தான் முடிந்தது. பதினோரு சுற்று. ஐந்தாவது சுற்றிலேயே அக்கா மகன் போனை எடுத்துவிட்டான். "அடிக்கிறேன்." "படல." "அடிக்கிறேன்." "படல." இதே பேச்சுத்தான். நண்டு செத்தபோது யாருக்கும் சந்தோஷம் இல்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. போர்வீரன் பகடையை டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னான்: "மாப்ள, இது சண்ட மாதிரியே இல்லடா. தூர் எடுக்குற மாதிரி இருந்துச்சு."

மறுநாள் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்டத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. போர்வீரனின் ஒரு அடி சராசரி 7.5. திருடி மறைந்திருந்து குத்தினால் 13.5. மந்திரவாதியின் நெருப்பு அம்பு 5.5. வைத்தியரின் கதாயுதம் 5.5, அவருக்குத் திறன் 4 மட்டும். ஒவ்வொன்றையும் பட வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரைப் புள்ளிதான் போகும். 136-ஐ 12.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பதினொன்று. பகடை எங்களை ஏமாற்றவில்லை. நான் பதினோரு சுற்றுக்கு எழுதினேன், பதினோரு சுற்று வந்தது. இதையே தடுப்பெண் 14, உயிர்ப்புள்ளி 76 என்று வைத்தால் ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது போகும், நாலு சுற்றில் முடியும்.

சரி, எண்ணைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நாலு சுற்றில் சாகிற நண்டுக்கு ஓடு இருந்தது என்று யாருக்கும் தெரியாதே. ஓட்டின் கெட்டித்தன்மை மேஜையில் தெரியவும் வேண்டும், ஆட்டம் இழுக்கவும் கூடாது.

இரண்டாவது வடிவத்துக்கு விதிப் புத்தகத்தில் இருக்கிற தாங்குதிறனை எடுத்தேன். ஒரு வகை அடியைத் தாங்கும் மிருகத்துக்கு அந்த அடி பாதிதான் படும். ஒன்றுமே படாத வகையும் உண்டு, இரட்டிப்பாகப் படும் பலவீனமும் உண்டு. வெட்டும் குத்தும் பாதி, நெருப்பு படவே படாது, குளிர் இரட்டிப்பு என்று எழுதினேன். தடுப்பெண்ணை 15-க்கு இறக்கினேன், உயிர்ப்புள்ளியை 80-க்கு இறக்கினேன். இறக்கிவிட்டோம், வேகமாக முடியும் என்று நம்பினேன்.

அது முதலாவதை விட மோசம். பாதி படும் என்று எழுதுவதும் உயிர்ப்புள்ளியை இரட்டிப்பாக்குவதும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாளும் கத்தியும் பாதி ஆனதில் ஒரு சுற்றுக்கு எட்டரைப் புள்ளிதான் போனது. கதாயுதம் ஒன்றுதான் முழுசாகப் பட்டது. அக்கா மகனின் மந்திரவாதியிடம் இருந்த ஒரே தாக்குதல் நெருப்பு அம்பு. மூன்று முறை எய்தான், மூன்று முறையும் "ஒன்றும் ஆகல" என்று சொன்னேன். நாலாவது முறை அவன் கேட்டான், "மாமா, நான் இங்க எதுக்கு உக்காந்துருக்கேன்?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். எனக்கு அது ரொம்ப நேரம் உறுத்தியது. குளிர் என்ற பலவீனத்தை நான் எழுதி வைத்திருந்தேன்தான். ஆனால் குளிரால் தாக்கும் மந்திரம் யாரிடமும் இல்லை, குளிர் பிடிக்காது என்று அந்த நண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. என் தாளில் மட்டும் இருக்கிற பலவீனத்தால் யாருக்கு என்ன பயன்?

ஒன்பதாவது சுற்றில் நானே கதையில் கடல் பொங்கியது என்று சொல்லி நண்டைத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது வடிவத்தை மேஜைக்கே கொண்டுவரவில்லை. இந்த விளையாட்டின் பழைய பதிப்புகளைப் புரட்டினால் வேறு வேறு யோசனைகள் கிடைக்கும். 1974-ல் வந்த முதல் பதிப்பில் தடுப்பெண்ணே தலைகீழ். கவசம் இல்லாதவனுக்கு 9, தகட்டுக் கவசமும் கேடயமும் உள்ளவனுக்கு 2. எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் எண் ஏறினால் பாதுகாப்பு ஏறும் என்று திருப்பினார்கள். அந்தப் பதிப்பில் சில மிருகங்களுக்குப் படுகிற அடியில் ஐந்து, பத்து என்று கழித்துவிடும் முறை உண்டு. ஒவ்வொரு அடியிலும் ஐந்து கழிப்போம் என்று தனியாக உட்கார்ந்து நாற்பது முறை உருட்டிப் பார்த்தேன். திருடியின் அடிக்குப் பெரிதாகச் சேதம் இல்லை. போர்வீரனின் ஏழரை இரண்டரைக்கு வந்துவிட்டது. நெருப்பு அம்பு பத்து முகப் பகடை ஒன்றுதான், சராசரி ஒன்றரைதான் மிஞ்சியது. மறுபடி அதே பையன்தான் சும்மா உட்கார வேண்டி வரும். தாளைக் கிழித்தேன்.

எங்கள் வேலையில் ஒன்று அடிக்கடி நடக்கும். கேஸ்கட் போய் எண்ணெய் கசியும்போது, புதிதாக வந்த பையன் போல்ட்டை இன்னும் இறுக்குவான். கசிவு நிற்காது, மேலும் இறுக்குவான், கடைசியில் மரை போய்விடும். மூன்று வாரமும் நான் போல்ட்டைத்தான் இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வழி கிடைத்தது அடுப்படியில். அக்கா வெள்ளிக்கிழமை நீலக்கால் நண்டு ஒன்றரைக் கிலோ வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து, ஓட்டின் விளிம்பில் கத்தியை விட்டு நெம்பினேன். கத்தி வழுக்கியது. "அது என்னத்துக்கு மேல போட்டு இடிக்கிற," என்று வாங்கினாள். மல்லாக்கத் திருப்பினாள். வயிற்றுப் பக்கம் வெள்ளையாக, நடுவில் ஒரு மடிப்பு இருக்கும். ஆண் நண்டுக்கு ஒடுக்கமாக, பெண்ணுக்கு அகலமாக. அந்த மடிப்பின் நுனியில் கட்டைவிரல் நகத்தை விட்டுத் தூக்கினாள். அது சின்னக் கதவு மாதிரி திறந்தது. அதே பிடியில் பின்பக்கமாக அழுத்தி இழுத்ததும், கத்திக்கு அசையாத ஓடு 'சளக்' என்று மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறச் செவுள், மஞ்சள் கொழுப்பு. மூன்று விநாடிகூட ஆகவில்லை. தட்டில் இருந்த இன்னொரு நண்டுக்கு ஒரு கால் இல்லை. "வலைல விட்டுட்டு வந்துருக்கும்," என்றாள்.

இரண்டும் எனக்குப் போதுமாக இருந்தது. நண்டின் ஓடு கெட்டிதான், ஆனால் அதற்கு ஒரு பிடி இருக்கிறது. மாட்டிக்கொண்டால் காலை விட்டுவிட்டுத் தப்பிக்கிறது, ஆனால் அதற்கு ஒரு கால் செலவாகிறது. என் நண்டுக்குப் பிடியும் இல்லை, செலவும் இல்லை. விதிப் புத்தகத்தில் இருக்கும் ட்ரோல் என்கிற பூதமும் இப்படித்தான். தன் முறை வரும்போதெல்லாம் அதற்குப் பத்து உயிர்ப்புள்ளி திரும்ப வளரும், ஆனால் நெருப்போ அமிலமோ பட்டால் அடுத்த முறை வளராது. அதனால்தான் அதோடு சண்டை போடுவது பிடிக்கிறது. ஒவ்வொருவரும் தீப்பந்தம் எங்கே என்று தேடுவார்கள்.

அன்று ராத்திரியே நாலாவது வடிவத்தை எழுதினேன். பாறைக்கொடுக்கனுக்கு முதுகில் மூன்று ஓடு. மூன்றும் இருக்கும்போது தடுப்பெண் 18. ஒவ்வொன்று உடையும்போதும் இரண்டு குறையும்: 16, 14, கடைசியில் 12. இருபது முகப் பகடையில் ஒரு எண் என்பது நூற்றுக்கு ஐந்து. ஆக, ஒரு ஓடு போனால் எல்லாருடைய வாய்ப்பும் நூற்றுக்குப் பத்து ஏறும். நாற்பதில் தொடங்கி எழுபதில் முடியும். உடைக்கிறவனுக்கு மட்டும் இல்லாமல் நாலு பேருக்கும் லாபம். உயிர்ப்புள்ளி 72.

ஓடு எப்படி உடையும்? ஒரே அடியில் பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ விழுந்தால் உடையும். திருடியின் குத்து பெரும்பாலும் அதைத் தாண்டும். பலசாலி பக்கத்தில் போய்ப் பிடித்து நெம்பலாம், திறனோடு சேர்த்து 13 வர வேண்டும். போர்வீரனுக்கு அது நூற்றுக்கு அறுபத்தைந்து. மந்திரவாதிக்காக யோசித்ததுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. நண்டைச் சட்டியில் போட்டால் நீலமும் பச்சையும் போய்ச் சிவப்பாகிவிடும் அல்லவா? நெருப்பு அம்பு 18-ஐத் தொடாவிட்டாலும் 12-ஐத் தொட்டால் ஓட்டில் படும். பட்ட ஓடு சிவக்கும். சிவந்த ஓட்டை உடைக்கப் பத்து வேண்டாம், ஐந்து போதும். 12-ஐத் தொட அவனுக்கு நூற்றுக்கு எழுபது வாய்ப்பு. போன தடவை சும்மா உட்கார்ந்தவன்தான் இப்போது எல்லாருக்கும் வழி திறக்கிறவன்.

கால் விஷயம். பெரிய மிருகங்களுக்கு விதிப் புத்தகத்தில் ஒரு சலுகை உண்டு. நாளைக்கு மூன்று முறை, மந்திரத்திலிருந்து தப்பிக்கப் பகடை உருட்டித் தோற்றாலும் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம். இதை அப்படியே வைத்தால் ஆடுகிறவர்களுக்குப் பொறுக்காது. அருமையாக ஒரு மந்திரம் போட்டுவிட்டு, "இல்ல, தப்பிச்சிருச்சு" என்று கேட்பது கஷ்டம். அதனால் ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் நண்டு ஒரு காலை உதிர்க்கும், நாற்பது அடி வேகத்தில் பத்து அடி குறையும் என்று மாற்றினேன். இப்போது மந்திரம் வீணாகவில்லை. ஒரு கால் விழுந்தது.

கடைசியாக, மல்லாத்துவது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பிடித்துப் புரட்டலாம், இருவருக்கும் 13 வர வேண்டும். மல்லாந்து கிடக்கும்போது ஓடு எத்தனை இருந்தாலும் தடுப்பெண் 12. திரும்பி எழ அதன் முறை முழுக்கச் செலவாகும்.

இதையெல்லாம் தாளில் மட்டும் வைத்தால் மறுபடி என் ரகசியமாகவே போய்விடும் என்று தோன்றியதால், கையால் கழற்றக்கூடிய ஒரு நண்டைச் செய்ய இறங்கினேன். இதில்தான் நாள் அதிகம் போனது.

முதலில் நிஜ நண்டு ஓட்டையே வைத்துப் பார்த்தேன். வேகாத நீல ஓடு இரண்டு, வெந்த சிவப்பு ஓடு இரண்டு. வேகாததை நிழலில் காய வைத்தும் மூன்றாம் நாள் நாற்றம் தாங்கவில்லை, எறும்பு வேறு. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்தேன். நாற்றம் போனது, நிறமும் போனது, விரலால் அழுத்தினால் பொடிந்தது. வெந்த ஓடு பார்க்க அழகு, ஆனால் ஹேக்ஸா பிளேடு வைத்ததும் நெடுக விரிசல். நாலு நாள் வீண்.

அப்புறம் தேங்காய்ச் சிரட்டைக்குப் போனேன். வளைவு ஏற்கெனவே இருக்கிறது, எவ்வளவு கழற்றிப் போட்டாலும் உடையாது. ஹேக்ஸா பிளேடால் மூன்று துண்டு வெட்டினேன், ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர் நீளம், 2 அகலம். முதலில் 80-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 220. மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவர ஒரு துண்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வெளிப்பக்கம் நீலப்பச்சை, உட்பக்கம் சிவப்பு பெயிண்ட். நெருப்புப் பட்டால் துண்டைத் திருப்பி வைக்கலாம்.

உடம்புக்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்த வலை மிதவை ஒன்று. கத்திக்கு வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். எங்கள் வரைபடத்தில் ஒரு கட்டம் ஒரு அங்குலம், இந்த அளவு மிருகத்துக்கு மூன்றுக்கு மூன்று கட்டம், ஆக ஏழரை சென்டிமீட்டருக்குள் அடக்கினேன். கொடுக்கு இரண்டும் எம்-சீல். கால்களுக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒன்றரை ஸ்கொயர் செம்புக் கம்பி, ஐந்து சென்டிமீட்டர் வீதம் எட்டுத் துண்டு. ஒட்டவில்லை, துளையில் செருகி மட்டும் வைத்தேன். உதிர வேண்டுமே.

ஓடு ஒட்டிக்கொள்ள 6 மில்லிமீட்டர் வட்டக் காந்தம். இங்கே ஒரு தப்பு. உடம்பில் மூன்று காந்தத்தையும் ஃபெவிக்விக் போட்டுப் பதித்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் இருப்பதன் துருவம் தலைகீழ். ஓட்டைக் கிட்டே கொண்டுபோனால் தள்ளிவிட்டது. தோண்டி எடுத்து மறுபடி பதித்ததில் மிதவையில் பள்ளம், அதை எம்-சீலால் அடைத்தேன். இதில் இன்னொரு சங்கடம் உண்டு. துண்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்றால் காந்தத்தின் இரண்டு முகமும் ஒட்ட வேண்டும், துருவம் விடாது. கடைசியில் ஓட்டில் காந்தம் வைப்பதையே விட்டுவிட்டு, டப்பா மூடித் தகரத்தில் சின்ன வட்டம் வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டினேன். தகரத்துக்குத் துருவம் கிடையாது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் பாதிக் காந்தம் மிஞ்சியிருக்கும்.

செலவு: காந்தம் இருபது 160 ரூபாய், பெயிண்ட் ஆறு சின்னக் குப்பி 150, எம்-சீல் 60, உப்புத்தாள் இரண்டு 30, ஃபெவிக்விக் நாலு 20. மொத்தம் 420. வரைபடம் பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கம், அதற்குக் காசில்லை. கச்சான் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் வலை ஈயம் கட்டினேன்.

இவ்வளவும் செய்து நாலாவது வாரம் மேஜையில் வைத்தேன். படுத்துவிட்டது. காரணம் ஓடும் இல்லை, எண்ணும் இல்லை. என்னென்ன செய்யலாம் என்று நான் வாயே திறக்கவில்லை. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். இரண்டு வாரம் "அடிக்கிறேன், படல" என்று பழகியவர்கள் மறுபடி அதையே செய்தார்கள். நெம்பலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நெருப்பு அம்பு போன தடவை படாது என்று சொல்லியிருந்ததால் அக்கா மகன் அதை எய்யவே இல்லை. மூன்று சுற்றோடு நிறுத்தி, டீ போடச் சொல்லி, சாரிடம் கேட்டேன். அவர் நண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஓடு கழலும்னு எனக்கு இப்ப கையில எடுத்தாத்தான் தெரியுது. இது தெரியுற மாதிரி முதல்லயே ஏதாவது நடக்கணும்," என்றார்.

அதனால் இந்த வாரம் சண்டை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு, முதல் சுற்றில் ஒன்று என மூன்று காட்சி சேர்த்தேன். சர்ச்சுச் சுவரோரம் ஒரு பழைய ஓடு கிடக்கிறது, அதில் கடப்பாரையால் நெம்பின தடம். மணலில் அணைந்த தீயின் பக்கத்தில் சிவந்து நொறுங்கிய ஓட்டுத் துண்டுகள். முதல் சுற்றில் நண்டு இடிந்த சுவர் மேல் ஏறும்போது வெள்ளை வயிறு தெரிகிறது, சட்டென்று மணலோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. மூன்றையும் ஒரு வரிக்கு மேல் விவரிக்கவில்லை.

இரண்டாவது காட்சியைக் கேட்டதுமே அக்கா மகன் நிமிர்ந்தான். முதல் சுற்றில் அவன் அம்பு 14. "உடம்பில் படல. ஆனா ஓடு சிவக்குது," என்று சொல்லி நடு ஓட்டைத் திருப்பி வைத்தேன். தகரம் காந்தத்தில் 'டிக்' என்று ஒட்டியது. அந்தச் சத்தத்துக்கே நாலு பேரும் குனிந்தார்கள். இரண்டாவது சுற்றில் திருடி அந்தச் சிவப்பில் குத்தி உடைத்தாள், ஓட்டை அவளே கையால் பிடுங்கி எடுத்தாள். மூன்றாவதில் சிலந்தி வலை மந்திரம் விழுந்தது, நான் ஒரு செம்புக் கம்பியை உருவி மேஜையில் போட்டேன். போர்வீரன் சிரித்துவிட்டான். "வலையில விட்டுட்டுப் போகுது பாரு, நம்ம நண்டுதான்டா இது!" அதே சுற்றில் அவன் இன்னொரு ஓட்டை நெம்பினான்.

நாலாவது சுற்றில் தையல்காரத் தங்கை கேட்டாள்: "அண்ணே, வயித்த மறைச்சுக்கிட்டே இருக்கே. மல்லாத்தலாமா?" போர்வீரனும் சாரின் வைத்தியரும் பிடித்தார்கள். சாருக்குப் பாதிதான் வாய்ப்பு, இருவருக்கும் சேர்ந்து விழுவது மூன்றில் ஒன்று. போர்வீரனுக்கு 16 வந்தது. சார் பகடையை உள்ளங்கையில் ரொம்ப நேரம் குலுக்கினார். 13. சரியாக 13. நண்டைத் தூக்கி மல்லாக்க வைத்தேன். கம்பிக் கால்கள் மேலே பார்த்து நின்றன.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை இருக்கின்றன. மூன்றாவது ஓடு ஐந்தாவது சுற்றில் உடைந்த பிறகு வெறும் அடிதான் மிஞ்சியது, கடைசிச் சுற்று கொஞ்சம் சப்பென்று இருந்தது. 72-ஐ 60-க்கு இறக்குவேன். நண்டுக்கு மணலில் பாதி புதைந்துகொள்ளும் வழி கொடுத்திருக்க வேண்டும். பாதி மறைவுக்குத் தடுப்பெண்ணில் இரண்டு கூடும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது, தோண்டி எடுக்க ஒருவருக்கு வேலையும் கிடைத்திருக்கும். வைத்தியருக்கு மல்லாத்தினதைத் தவிர அவருக்கே உரிய வேலை எதுவும் நான் வைக்கவில்லை, அது என் குறை. கால் துளைகள் இரண்டு ஆட்டத்திலேயே தளர்ந்துவிட்டன, மிதவைக்குள் ஸ்ட்ரா துண்டு பதித்து அதற்குள் கம்பியைச் செருகினால் நிற்கும் என்று நினைக்கிறேன்.

தடைக்காலம் முடிய இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி. அதற்குப் பேத்தை மீன் செய்கிறேன். கோபம் வந்தால் தண்ணீர் குடித்து உப்பும், அப்போது தடுப்பெண் ஏறும், ஆனால் நீந்த முடியாமல் உருளும், அலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். சாரின் வைத்தியருக்குக் காற்றை வரவழைக்கும் மந்திரம் ஒன்று கொடுத்திருக்கிறேன். உடம்புக்குப் பலூன் வைத்து எம்-சீல் முள் ஒட்டிப் பார்த்தேன், ஊதியதும் முள் உதிர்கிறது. மூன்று பலூன் போய்விட்டது. இன்று கடையில் பழைய சைக்கிள் டியூப் ஒரு முழம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.